தகட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் தமது வகுப்பினர் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். இன்று நாங்கள் பேச வந்திருப்பது உலோகத் தகட்டைப் பற்றி. "நாங்கள்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த உரையை எங்கள் வகுப்பைச் சேர்ந்த இருவர் சேர்ந்து எழுதினோம். ஒருவர் என்பு முறிவுச் சத்திரசிகிச்சை செய்பவர், இங்கே நிற்கிறார். மற்றவர் கனடாவில் உலோகத் தகடு வளைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளர். விடுமுறை கிடைக்காததால் வர முடியவில்லை. உயர்தர வகுப்பில் பௌதிகவியலில் எப்போதும் முதலிடம் அவருக்குத்தான். பேசுவது ஒரு குரல் என்றாலும் சொல்வது இருவர்.

உங்கள் ஒவ்வொருவரின் கதிரையிலும் ஒரு பேப்பர் கிளிப் வைத்திருக்கிறோம். அதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மலரில் இதை வாசிப்பவர்களும் வீட்டிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தால் நல்லது.

எங்கள் வயதுடையவர்களுக்குப் பழைய நினைவு ஒன்று இருக்கும். 1990களின் முற்பகுதியில் சிமெந்து, இரும்பு, பற்றரி முதலியவை குடாநாட்டுக்கு வரத் தடை இருந்தது. புது ஆணி கிடைக்காது. பழைய பெட்டிகளிலும் கதவு நிலைகளிலும் இருந்து பிடுங்கிய வளைந்த ஆணிகளைக் கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. நிமிர்த்திய ஆணி பார்வைக்கு நேராக இருக்கும். ஆனால் பலகையில் வைத்து அடித்தால் மறுபடியும் மடங்கும், சிலது முறிந்தே போகும். "பழைய ஆணிதானே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பழையது என்பதால் ஏன் அப்படி நடக்க வேண்டும் என்று நாங்கள் அன்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி இருபத்தைந்து வருடங்கள் கழித்து ஒரு நோயாளியின் உடம்புக்குள் இருந்து எங்களிடம் திரும்பி வந்தது.

அவர் ஐம்பது வயதை எட்டிய ஓர் அம்மா. தோட்ட வேலை செய்பவர். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகும்போது விழுந்து காறையென்பு முறிந்தது. காறையென்பு என்பது கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் நடுவிலிருந்து தோள் வரை படுத்திருக்கும் என்பு. தொட்டுப் பாருங்கள், அது நேராக இல்லை, பாம்பு ஊர்வது போல இரண்டு வளைவு இருக்கும். முறிந்த துண்டுகள் விலகியிருந்ததால் தகடு வைத்துத் திருகாணியால் பிணைப்பதென்று முடிவு செய்தோம். என்பின் வடிவத்துக்கு முன்கூட்டியே வளைத்துச் செய்யப்பட்ட தகடுகள் இப்போது கிடைக்கின்றன. அன்று எங்கள் கையில் இருந்தது நேரான தகடு. அதை தியேட்டரிலேயே குறடு கொண்டு என்புக்கு ஏற்றபடி வளைக்க வேண்டும்.

வளைத்தோம். என்பின் மேல் வைத்துப் பார்த்தோம், வளைவு கூடிவிட்டது. நிமிர்த்தினோம்; இப்போது குறைந்துவிட்டது. மறுபடியும் வளைத்தோம். நாலாவது தடவை தகடு என்போடு அழகாகப் பொருந்தியது. எல்லோருக்கும் திருப்தி. எக்ஸ்ரே படமும் பாடப்புத்தகத்தில் உள்ளது போல இருந்தது.

மூன்றாவது மாதம் அந்த அம்மா வலியோடு வந்தார். தகடு நடுவில், ஒரு திருகாணித் துளைக்குப் பக்கத்தில் முறிந்திருந்தது. என்பு இன்னும் பொருந்தியிருக்கவில்லை. விசாரித்தோம். கிணற்றில் தண்ணீர் அள்ளியதாகச் சொன்னார். நாங்கள் அவருடைய கோவையில் "அறிவுறுத்தலை மீறிப் பாரம் தூக்கியதால் தகடு முறிந்தது" என்று எழுதினோம். அவரைக் கொஞ்சம் கடிந்தும் கொண்டோம். அவர் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

இரண்டாவது சத்திரசிகிச்சையில் எடுத்த முறிந்த தகட்டைப் படம் பிடித்து, ஊரும் பெயரும் சொல்லாமல், கனடாவில் உள்ள தோழிக்கு அனுப்பினோம். "இப்படியும் முறியுமா?" என்று கேட்டோம். அவருடைய பதில் ஒரு கேள்வியாக வந்தது: "அந்த அம்மாவிட்டைப் போறதுக்கு முன்னம் இதை எத்தினை தரம் வளைச்சனீங்கள்?"

அந்தக் கேள்விக்கு எங்கள் கோவையில் பதில் இல்லை. சத்திரசிகிச்சைக் குறிப்பில் தகட்டின் நீளம் இருந்தது, திருகாணிகளின் எண்ணிக்கை இருந்தது. தகடு எத்தனை தரம் முன்னும் பின்னும் வளைக்கப்பட்டது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

இப்போது கிளிப்பை எடுங்கள். அதன் ஒரு முனையை மெல்ல, மிகக் கொஞ்சமாக வளைத்து விடுங்கள். பழைய நிலைக்கே திரும்பிவிடும். உயர்தரத்தில் படித்த மீள்தன்மை இதுதான். இனிக் கொஞ்சம் பலமாக வளைத்து விடுங்கள். வளைவு நிற்கும். ஆனால் கூர்ந்து பாருங்கள்: நீங்கள் வளைத்த அளவுக்கு அது நிற்கவில்லை, கையை எடுத்ததும் சற்றே திரும்பியது. தொழிற்சாலைக்காரர் இதை "ஸ்பிரிங் பேக்" என்பார்கள். நாம் "மீள்வு" என்று வைத்துக்கொள்வோம்.

இந்த மீள்வு எங்கிருந்து வருகிறது? ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நெருக்கப்படுகிறது, நடுப்படை ஏறக்குறைய இருந்தபடியே இருக்கிறது. ஆகவே மீள்தன்மை எல்லையை முதலில் தாண்டுவது இரண்டு மேற்பரப்புகளும்தான். அவை நிரந்தரமாக உருமாறிவிடுகின்றன. நடுவில் உள்ள படைகளோ அந்த எல்லைக்குள்ளேயே நிற்கின்றன. நாம் கையை எடுத்ததும் நடுப்படைகள் பழைய இடத்துக்குப் போக முயல்கின்றன; மேற்பரப்புப் படைகள் விடுவதில்லை. இருதரப்பும் ஒரு சமரசத்துக்கு வருகின்றன. அந்தச் சமரசத்தின் வடிவத்தைத்தான் நாம் கண்ணால் காண்கிறோம்.

சமரசம் வந்தாலும் இழுபறி தீர்ந்துவிடுவதில்லை. வளைக்கும்போது இழுபட்டிருந்த வெளி மேற்பரப்பு, கையை எடுத்த பிறகு நெருக்கத்துக்கு உள்ளாகிறது. நெருக்கப்பட்டிருந்த உள் மேற்பரப்பு இழுவைக்கு உள்ளாகிறது. எல்லாம் தலைகீழ். தகட்டின் தடிப்பு முழுவதும் எல்லை தாண்டும் அளவுக்கு வளைத்திருந்தால், மேற்பரப்பில் மீதியாகும் தகைப்பு அந்த உலோகம் இளகத் தொடங்கும் தகைப்பின் பாதியளவு வரை இருக்கும் என்று எளிய கணக்கே காட்டும். வெளியிலிருந்து எந்த விசையும் இல்லை, மேசையில் அசையாமல் கிடக்கிறது. ஆனாலும் உள்ளே அவ்வளவு இழுபறி. இழுவையும் நெருக்கமும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்பதால் வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. இதற்குத்தான் எஞ்சிய தகைப்பு என்று பெயர்.

தோழியின் தொழிற்சாலையில் இது தினமும் காசு சம்பந்தப்பட்ட விடயம். 90 பாகை வளைவு வேண்டுமென்றால், திரும்பிவரும் அளவைக் கணித்து அதற்கு அப்பால் வளைத்து விடுவார்கள். உலோகம் எவ்வளவு தகைப்பில் இளகும், அதன் யங்கின் மட்டு எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, வளைவின் ஆரை எவ்வளவு என்று தெரிந்தால் கணக்குப் போடலாம். அப்படியிருந்தும் ஒரே இயந்திரம், ஒரே அமைப்பு, ஒரே தடிப்புள்ள தகடு, ஆனால் காலையில் வளைத்தது ஒரு பாகை, மாலையில் வளைத்தது இன்னொரு பாகை என்று வரும். ஏனென்றால் இயந்திரத்துக்கு வரும்போதே தகடு வெறுமையாக வருவதில்லை. உருளைகளுக்கு நடுவில் அழுத்தி மெல்லிதாக்கப்பட்டபோது அதன் மேற்பரப்பும் உட்படையும், ஓரமும் நடுவும் ஒரே அளவில் நீளவில்லை. பிறகு பாய் சுருட்டுவது போலப் பெரிய சுருளாகச் சுருட்டப்பட்டது. அந்தச் சுருளின் வளைவும் உள்ளே தங்கியிருக்கிறது. இவற்றால் எஞ்சிய தகைப்போடு வந்த தகட்டில், நாம் கொடுக்கும் வளைவு அதன்மேல் போய்ச் சேர்கிறது. சில படைகள் எதிர்பார்த்ததற்கு முன்னரே எல்லை தாண்டும். சில பிந்தித் தாண்டும். ஆகவே மீள்வும் மாறும். சில வேளை தகட்டைப் புரட்டிப் போட்டு வளைத்தாலே கோணம் மாறும்.

வெட்டும்போதும் இதே சங்கடம். தட்டையான தகட்டிலிருந்து ஒரு நீளத் துண்டை வெட்டி எடுத்தால் அது வில்லாக வளையும், அல்லது முறுக்கிக்கொள்ளும். அதுவரை பக்கத்துப் பகுதி பிடித்துவைத்திருந்த இழுபறிக்கு இப்போது பிடிப்பு இல்லை. கத்தி அந்த வளைவை உண்டாக்கவில்லை. உள்ளே இருந்ததை விடுவித்தது, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்யும் வழிகளும் அவர்களிடம் உண்டு. தகட்டை மேலும் கீழுமாக அடுக்கிய பல உருளைகளுக்கு ஊடாகச் செலுத்தி, முதலில் கூடுதலாகவும் வரவரக் குறைவாகவும் வளைத்துச் சமப்படுத்துவார்கள். அல்லது முழுத் தகட்டையும் இரு முனையிலும் பிடித்து நூற்றுக்கு ஓரிரு பங்கு நீளும்படி இழுப்பார்கள். அப்போது எல்லாப் படைகளும் சேர்ந்து எல்லை தாண்டுவதால் வேற்றுமை பெரும்பாலும் மறைந்துவிடும். அல்லது சூடாக்கி மெல்ல ஆறவிடுவார்கள். எங்கள் ஊர்த் தட்டார் நகைக்கம்பியை இழுக்கும்போது இடையிடையே தீயில் காட்டி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தட்டத் தட்ட இறுகிப்போன பொன்னை மறுபடியும் இளகச் செய்யும் வேலை அது. எந்தப் பௌதிகவியல் புத்தகமும் இல்லாமல் அவர்கள் கண்டுபிடித்தது.

இனி எங்கள் தகட்டுக்கு வருவோம். கிளிப்பை நன்றாக வளைத்துவிட்டு, அதே இடத்தில் நிமிர்த்திப் பாருங்கள். முழுதாக நேராக வருகிறதா? வராது. வளைந்த இடம் இறுகிவிட்டதால் அது அப்படியே நிற்க, அதற்கு இரு பக்கமும் உள்ள கம்பி வளைந்துகொடுக்கும். எங்கள் ஆணிகளின் கதை இதுதான். இன்னும் சில தரம் முன்னும் பின்னும் வளையுங்கள். அந்த இடத்தைத் தொட்டால் இளஞ்சூடு தெரியும். இன்னும் சில தரம், முறிந்துவிடும்.

தோழி எங்களுக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்தியதில் ஒன்று எங்களைத் தூங்கவிடாமல் செய்தது. இரண்டு தகடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றை ஒரே திசையில், தேவையான அளவுக்கு மட்டும் வளைத்திருக்கிறோம். மற்றதைக் கூடுதலாக வளைத்துப் பிறகு பின்னோக்கி நிமிர்த்தி அதே வளைவுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. எக்ஸ்ரேயிலும் ஒன்று. ஆனால் முதலாவது தகட்டின் வெளி மேற்பரப்பு நெருக்கத்தில் இருக்கிறது. இரண்டாவது தகட்டின் வெளி மேற்பரப்போ கடைசியாக நெருக்கப்பட்டது. ஆகவே கையை எடுத்தபின் இழுவையில் இருக்கிறது. ஒரே வடிவம், எதிரெதிரான தகைப்பு. வடிவத்தைத் தீர்மானிப்பது எங்கே வந்து நின்றது என்பது. தகைப்பைத் தீர்மானிப்பது எந்த வழியாக வந்தது என்பது.

இழுவைக்கும் நெருக்கத்துக்கும் ஏன் இவ்வளவு வேற்றுமை? உலோகத்தில் வெடிப்பு பெரும்பாலும் மேற்பரப்பில் தொடங்குகிறது. இழுவை அதைத் திறக்கும், நெருக்கம் அதை மூடிவைக்கும். என்பு முறிவுக்கு வைத்த தகடு ஒரு நாளில் ஒரு பெரிய பாரத்தால் முறிவது அரிது. ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் திரும்பி, ஆயிரக்கணக்கான தடவைக்குப் பிறகு களைத்து முறிகிறது. என்பு முந்திப் பொருந்துமா, தகடு முந்திக் களைக்குமா என்பது ஓர் ஓட்டப்போட்டி. மேற்பரப்பில் முன்பே இழுவை தங்கியிருக்கும் தகடு அந்தப் போட்டியில் பின்தங்கியே ஓடத் தொடங்குகிறது. அதிலும் வளைவு ஒரு துளையின் மேல் விழுந்திருந்தால் இன்னும் மோசம். துளையின் ஓரத்தில் தகைப்பு தானாகவே குவியும். தட்டாரைப் போலத் தீயில் காட்டி இளக்கவும் எங்களால் முடியாது. பல தகடுகளின் வலிமையே குளிர்நிலையில் அழுத்தி இறுக்கியதால் வந்தது. தீயில் வைத்தால் அந்த வலிமை போய்விடும்.

எஞ்சிய தகைப்பு எப்போதும் பகை என்று நினைத்துவிட வேண்டாம். வாகனங்களின் வில்லுத் தகடுகளின் மேல் சிறு உருக்குக் குண்டுகளை வேகமாகப் பொழிந்து, மேற்பரப்பில் வேண்டுமென்றே நெருக்கத்தை உண்டாக்குகிறார்கள். அதனால் வெடிப்பு தொடங்குவது தாமதமாகும். விமானச் சிறகின் பெரிய தகடுகளை ஒரு பக்கத்தில் மட்டும் இப்படிக் குண்டு பொழிந்தே வளைத்து எடுக்கும் முறையும் உண்டு. அச்சும் இல்லை, குறடும் இல்லை. எஞ்சிய தகைப்பே வளைக்கிறது. எங்கள் துறையிலும் ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. குறுக்காக முறிந்த என்புக்குத் தகடு வைக்கும்போது, முறிவுக்கு நேராகத் தகடு என்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீற்றர் எழும்பி நிற்கும்படி சற்றே கூடுதலாக வளைப்போம். திருகாணியை இறுக்கும்போது தகடு நேராக இழுபடும். அது திரும்பப் பார்க்கும் விசை, தகட்டுக்கு எதிர்ப் பக்கத்தில் உள்ள முறிவின் வாயை நெருக்கி மூடும். 1958இல் சுவிற்சர்லாந்தில் கூடிய சத்திரசிகிச்சையாளர் குழு தொடங்கி வளர்த்த முறைகளில் இத்தகைய நுட்பங்கள் பல உண்டு. தகட்டை முன்னும் பின்னும் வளைக்காதே என்ற எச்சரிக்கையும் அந்த மரபில் வந்த பாடப்புத்தகங்களிலேயே இருக்கிறது. நாங்கள் அதை வாசித்திருந்தோம். பரீட்சையில் எழுதியும் இருந்தோம். ஏன் என்று விளங்காமல் வாசித்த வாக்கியம் அவசரத்தில் கைகொடுக்காது என்பதை இப்போது சொல்லத்தான் வேண்டும்.

தோழி சொன்ன இன்னொரு வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் ஒரு புதிரைக் கண்டார்கள். பித்தளைத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, பிறகு நீட்டிச் செய்த துப்பாக்கி ரவைக் கூடுகள், சுடாமல் சும்மா வைத்திருக்கும்போதே மழைக்காலத்தில் வெடித்துக் கீறின. பருவத்தில் வந்த கீறல் என்பதால் அதற்குப் பருவத்தின் பெயரையே வைத்தார்கள். தெளிவான விளக்கம் 1921இல்தான் ஆங்கில ஆய்வாளர் மூவரால் வெளியிடப்பட்டது. தகட்டை அழுத்தி உருவாக்கியபோது கூட்டுக்குள் எஞ்சிய தகைப்பு ஒரு காரணம். குதிரை லாயங்களிலிருந்து எழுந்த அமோனியா ஈரக்காற்றில் கலந்து பித்தளையைத் தீண்டியது மற்றக் காரணம். இரண்டும் சேர்ந்தபோதுதான் கீறல். உருவாக்கிய பிறகு பித்தளையை மிதமாகச் சூடாக்கி ஆறவிட்டதும் தொல்லை பெரும்பாலும் நின்றது. மழையும் லாயமும் இருந்த இடத்திலேயே இருந்தன. உள்ளே இருந்த இழுபறியைத்தான் நீக்கினார்கள்.

இதைக் கேட்டபோது எங்களுக்கு அந்த அம்மாவின் கோவைதான் நினைவுக்கு வந்தது. கிணற்றில் தண்ணீர் அள்ளியது உண்மை. ஆனால் அது மழை போல வெளியே தெரிந்த காரணம். தகட்டுக்குள் நாங்கள் வைத்துத் தைத்த காரணத்தை நாங்கள் எழுதவில்லை. நேர்மையாகச் சொன்னால், எது எத்தனை பங்கு என்று இன்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. என்பு பொருந்தத் தாமதித்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனால் பழி முழுவதையும் அவர் தலையில் வைத்தது பிழை.

இரண்டாவது தகடு வைத்தபோது முதலில் மென்மையான அலுமினிய அச்சுத்தகட்டை என்பின் மேல் வைத்து அழுத்தி வடிவம் எடுத்தோம். அதைப் பார்த்து உண்மைத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே திசையில், துளைகளுக்கு இடையில் மட்டும் வளைத்தோம். என்பு பொருந்தியது. கடைசியாகச் சிகிச்சை நிலையத்துக்கு வந்த நாளில் கோவையைத் திறந்து, பழைய வாக்கியத்தின் கீழே புதிய குறிப்பை எழுதி, அதை அவருக்கு வாசித்துக் காட்டினோம். முதல் தகட்டை நாங்கள் பல தரம் வளைத்தோம், அதுவும் முறிவுக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப, அது என்ரை பிழை மட்டும் இல்லையோ, டொக்டர்?"

அந்தக் கேள்வியை அவர் எத்தனை மாதம் மனதில் வைத்துக்கொண்டு திரிந்திருப்பார் என்று எங்களுக்குத் தெரியாது. வீட்டில் என்ன பேச்சுக் கேட்டிருப்பார் என்றும் தெரியாது.

அதன் பிறகு நாங்கள் வேலை செய்யும் தியேட்டரில் ஐந்து வரிகள் எழுதி ஒட்டியிருக்கிறோம். அச்சுத்தகடு இல்லாமல் வளைக்காதே. ஒரே திசையில், சிறிது சிறிதாக வளை. துளையின் மேல் வளைக்காதே. கூடிவிட்டால் நிமிர்த்தாதே, வேறு தகடு எடு. எத்தனை தரம் வளைத்தாய் என்பதைக் குறிப்பில் எழுது. நாலாவது வரி செலவு கூடிய வரி. தகடு தட்டுப்பாடான நாட்களில் அதைக் கடைப்பிடிப்பது கடினம். அப்படியான நாளில் ஐந்தாவது வரியையாவது விடுவதில்லை.

டைட்டேனியம் தகடுகளைப் பற்றியும் ஒரு சொல், இங்கே இருக்கும் மருத்துவ மாணவிகளுக்காக. உருக்கின் யங்கின் மட்டு ஏறக்குறைய 200 கிகாபஸ்கால். டைட்டேனியத்துக்கு ஏறக்குறைய 110. அதனால் டைட்டேனியம் கூடுதலாகத் திரும்பும். உருக்கில் பழகிய கை, டைட்டேனியத்தில் முதலில் குறைவாக வளைக்கும், பிறகு பதற்றத்தில் கூடுதலாக வளைக்கும், அதன்பின் நிமிர்த்தப் பார்க்கும். பிழை அங்கேதான் தொடங்குகிறது. சோதனைத் தகட்டில் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

முடிக்குமுன் எங்கள் விஞ்ஞான ரீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதை முழுவதும் எங்களுக்கு அவரைத்தான் நினைவூட்டியது. 1995 ஒக்ரோபர் இறுதியில் ஊரே இடம்பெயர்ந்தது. அடுத்த வருடம் நடுப்பகுதியில் திரும்பிவந்து பாடசாலை மறுபடியும் தொடங்கியபோது நாங்கள் சாதாரணதர வகுப்பு. பாடத்திட்டம் பாதிக்கு மேல் மீதமிருந்தது. எல்லோரும் சீருடை போட்டு, இரட்டைப் பின்னல் கட்டி, வரிசையாக இருந்தோம். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் நடக்காதது போலத்தான் இருந்திருக்கும். ரீச்சர் புத்தகத்தைத் திறக்கவில்லை. "முதலிலை எங்கையெங்கை இருந்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ. பாடம் பிறகு" என்றார். ஒவ்வொருவரும் எழும்பிச் சொன்னோம். இரண்டு பாடவேளை போனது. சிலர் அழுதார்கள். சிலருக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அவர்களையும் அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு அந்த வருடம் முழுவதும், யார் வீட்டுவேலை செய்யாமல் வந்தாலும், காரணம் கேட்டுவிட்டுத்தான் கண்டிப்பார்.

நோயாளியிடம் வரலாறு கேட்பது வைத்தியத்தின் முதற்பாடம். அதை மருத்துவபீடத்தில் படித்ததாகத்தான் நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் இந்தப் பாடசாலையில், ஓடு கழன்ற ஒரு வகுப்பறையில் படித்தோம். தகட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை மறந்த அன்று நாங்கள் மறந்தது அந்தப் பாடத்தைத்தான்.

இந்த மலரை ஒஸ்ரேலியாவிலோ இங்கிலாந்திலோ கொழும்பிலோ கிளிநொச்சியிலோ இருந்து வாசிக்கும் சகோதரிகளே, உங்களில் பலர் இன்று யாருக்காவது பொறுப்பாக இருக்கிறீர்கள்: வகுப்பறையில், தொழிற்சாலையில், நோயாளர் விடுதியில், வீட்டில். ஏதாவது முறிந்தால் கடைசியாகத் தொட்டவரைக் கேட்பது எளிது. அதற்கு முன்னர் யார் யார் எத்தனை தரம் வளைத்தார்கள் என்றும் கேளுங்கள். அந்தப் பட்டியலில் எங்கள் பெயரும் இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு கேளுங்கள்.

கையில் இருக்கும் கிளிப்புகளைத் தயவுசெய்து நிலத்தில் போட வேண்டாம். கூட்ட வருபவர் காலில் குத்தும். வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம், அதில் போட்டுவிடுங்கள்.

நூறு ஆண்டு கண்ட எங்கள் பாடசாலை இன்னும் பல்லாண்டு வாழ வாழ்த்தி விடைபெறுகிறோம்.